பாவும் பத்திரமும்



ஆலைத் தொழிலாளி ஒருவனை வேலையினின்று நீக்க முதலாளி எண்ணினால், முதலில் குற்றச்சாட்டைக் கையில் தரவேண்டும், விளக்கம் கேட்கவேண்டும், விசாரணை நடத்தவேண்டும். இவை எவருடைய பெருந்தன்மையாலும் வந்தவை அல்ல. சங்கம் கட்டி, சிறை புகுந்து பெற்றவை. ஆரணியில் பட்டு நெய்யும் தோழனுக்கு இவற்றில் ஒன்றேனும் உண்டா? அறுத்த சேலையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். கரையில் கறை என்கிறார் முதலாளி, கூலியில் பிடித்துக்கொள்கிறார். ஏன் என்று கேட்டுவிட்டாலோ, “அடுத்த பாவு இப்போது இல்லை” என்கிறார். விசாரணையும் அதுவே, தீர்ப்பும் அதுவே! குழித்தறி வெறுமனே கிடக்கிறது, அடுப்பு புகையவில்லை.

வேறு முதலாளியிடம் போகலாமே என்பீர்கள். எப்படிப் போவான்? மகளின் மணத்துக்கோ, மழையில் தறிக்குழியில் நீர் ஊறி வேலை நின்ற நாளிலோ வாங்கிய முன்பணம் இருக்கிறது. அதற்காகக் கையெழுத்திட்ட புரோநோட்டு, சில வேளை தொகையே எழுதப்படாத புரோநோட்டு, முதலாளியின் பெட்டியில் உறங்குகிறது. புதியவர் பழைய முன்பணத்தை அடைத்தால்தான் நெசவாளன் தெரு மாறலாம். அப்போதும் கடன் தீர்வதில்லை, கைமாறுகிறது. கடனோடு ஆளும் கைமாறுகிறான்.

“அவன் தொழிலாளியே அல்லன், தன் வீட்டில், தன் தறியில், தன் விருப்பப்படி நெய்பவன்” என்பது எதிர்த்தரப்பின் வாதம். பட்டு அவருடையது, ஜரிகை அவருடையது, சேலை அவருடையது; பட்டினி மட்டும் நெய்பவனுக்குச் சொந்தமாம்! (ஊடைக்கு நூல் சுற்றித்தரும் மனைவிக்கோ தனிக்கூலியே இல்லை, அவள் கணக்கிலேயே இல்லை.) இந்த வாதம் புதிதன்று. துண்டுக்கூலிக்குத் தைக்கும் தையற்காரரைப் பற்றி இதையே சொன்னார்கள். 1973இல் உச்ச நீதிமன்றம் அவர்களும் தொழிலாளர்களே என்றது. வீட்டில் பீடி சுற்றும் தாய்மாரைப் பற்றியும் சொன்னார்கள். 1966இல் அவர்களுக்கெனச் சட்டம் வந்தது, 1974இல் நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது. பீடிக்குக் கிடைத்தது பட்டுக்குக் கிடைக்கவில்லை. 2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் ‘வீடுசார் தொழிலாளர்’ என்ற பெயர் மட்டும் இருக்கிறது. நலத்திட்டத்துக்கு அந்தப் பெயர் உதவலாம். பாவை நிறுத்திய கையைத் தட்டிக்கேட்க உதவாது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு தந்து சேலையின் பெயரைக் காத்த நாடு இது!

எனினும், நம்மவர் அறியாத ஓர் ஆயுதம் ஏற்கெனவே இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் செங்கற்சூளைக்கும் கல்லுடைப்புக்கும் மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். சட்டத்தைப் படித்துப் பாருங்கள். முன்பணத்துக்கு ஈடாக ஒருவன் வேறிடத்தில் வேலை தேடும் உரிமையை இழந்தால், அதுவும் கொத்தடிமைதான். அத்தகைய கடன் செல்லாது. அதை வசூலிக்க உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கும் செல்லாது. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. மீறுவோர்க்கு மூன்றாண்டு வரை சிறை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் உழைப்பே கட்டாய உழைப்பு என்று 1982இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் இதனோடு சேர்த்துப் படியுங்கள்.

வாங்கிய கடனையெல்லாம் கிழித்தெறியச் சொல்லவில்லை. ஆளைக் கட்டாமல் நேர்மையாகக் கொடுத்த கடனை நேர்மையாகத் திருப்பத்தான் வேண்டும். ஆனால் அக்கடனுக்கும் எல்லை உண்டு. “தறியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன்” என்று மிரட்டுகிறார்களே, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு கைவினைஞனின் கருவிகளை ஜப்தி செய்யலாகாது என்கிறது. நெசவாளனுக்குத் தறி கருவியன்றி வேறென்ன? பணத்தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்ய இயலாது. கொடுக்க வழியற்ற ஏழையைக் கடனுக்காகச் சிறையிலடைப்பது தகாது என்று 1980இலேயே தீர்ப்பாயிற்று. கந்துவட்டியைத் தடுக்க 2003இல் தமிழகமே சட்டம் செய்தது.

இத்தனை இருந்தும் நெசவாளன் ஏன் தோற்கிறான்? நீதிமன்ற அழைப்பாணை வருகிறது. அஞ்சி மூலையில் வைக்கிறான். போகாததால் ஒருதலைத் தீர்ப்பாகிறது. சட்டம் அவன் பக்கம் நின்றும், அவன் அங்கே நிற்கவில்லை.

1953இல் கழகத்தோழர்கள் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். இன்று சுமக்க வேண்டியது வேறு. ஆரணி நகரிலும், சேவூரிலும், தேவிகாபுரத்திலும் கிளைத் தோழர்கள் வீடுவீடாகச் சென்று, ஒவ்வொரு பாவுக்கும் தந்த கூலி, பிடித்த தொகை, முன்பணத்தில் கழிந்தது ஆகியவற்றை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதச் சொல்லுங்கள். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்திடாதே என்று சொல்லுங்கள். அழைப்பாணை வந்த வீட்டாரை அன்றே இலவசச் சட்ட உதவிக் குழுவிடம் அழைத்துச் செல்லுங்கள். பாவு மறுக்கப்பட்டு, போகவும் வழியற்றவன் பெயரால் கோட்டாட்சியருக்கு மனு எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம். மனுவைக் கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் மட்டும் திரும்பிவிடாதீர்கள்.