வவ்வாலுக்கும் இது ஊர்தான்

பழங்கோயிலுக்குள் நுழைந்ததும் நம் ஆட்கள் வாயிலிருந்து வரும் முதல் விமர்சனம் சிற்பத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. “சே, என்ன வவ்வா நாத்தம்! இதையெல்லாம் வெரட்ட மாட்டாங்களா?” என்பதுதான். அதே ஆட்கள் ஆஸ்டினுக்குப் போனால், மாலையில் காங்கிரஸ் அவென்யூ பாலத்தில் இடம்பிடித்து நின்று, பாலத்தடியிலிருந்து வவ்வால்கள் புகைபோலக் கிளம்புவதைப் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போடுவார்கள். வெளிநாட்டில் அது காட்சி. இங்கே அசிங்கம்.

அந்த அமெரிக்க ஊரும் முதலில் நம்மைப் போலத்தான் இருந்தது. 1980இல் பாலத்தைப் புதுப்பித்தபோது அடியில் விழுந்த இடுக்குகளில் வவ்வால்கள் குடியேறின. ஒழித்துக்கட்டச் சொல்லி ஊரே கத்தியது. மெர்லின் டட்டில் என்ற ஆய்வாளர் அங்கேயே குடிவந்து, பொறுமையாக ஊரின் மனதை மாற்றினார். இன்று கோடையில் 15 லட்சம் வவ்வால்கள் வரை அங்கே தங்குகின்றன. நாம் கவனிக்க வேண்டியது அங்கே வரும் சுற்றுலாப் பணத்தை அல்ல. வவ்வால்களை இருக்கவிட்டார்கள், பிறகுதான் பார்க்கப் போனார்கள் என்ற வரிசையை.

நம்மிடம் அந்த வரிசை தலைகீழ். 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடித் திருவாதிரை விழா நடந்தது. பிரதமர் வந்தார், ராஜேந்திரன் பெயரில் நாணயம் வெளியிட்டார். நல்லது. யுனெஸ்கோ 2004இலேயே பாரம்பரியச் சின்னமாக ஏற்ற கோயில் அது. இனி கூட்டம் கூடும். கூட்டம் கூடினால் அடுத்து என்ன வரும்? விளக்கு வரும், ஒலிபெருக்கி வரும், “க்ளீன் பண்ணுங்க” வரும். இதோடு யாராவது ‘வவ்வால் சுற்றுலா’ என்று ஒரு பேக்கேஜையும் சேர்த்துவிட்டால் கதை முடிந்தது. வவ்வால் இருட்டை நம்பி வெளியே வருகிற உயிர். வாசலில் விளக்கைப் போட்டால் தாமதமாகக் கிளம்பும், அல்லது இடத்தையே விட்டுப் போகும்.

எச்சம் கல்லைக் கெடுக்கிறதே என்பார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. கருவறையும் சிற்பங்களும் சுத்தமாக இருக்கட்டும். ஆனால் யாரும் ஏறாத மேல்நிலை இருட்டறையையும் சேர்த்து அடைக்க வேண்டுமா? அடைத்தே ஆகவேண்டும் என்றால், குட்டிகள் பறக்கக் கற்ற பிறகு, உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு அடையுங்கள். பெரும்பாலான வவ்வால்கள் ஓர் ஈற்றில் ஒரே குட்டிதான் போடும். தாய் இரைக்குப் போன நேரத்தில் அடைத்தால் அது துப்புரவுப் பணியா? நிபா பயம் இருக்கிறதா? வவ்வால் கடித்த பழத்தைத் தின்னாதீர்கள், அடைவிடத்துக்குள் போகாதீர்கள். வெளியே எட்ட நின்று அண்ணாந்து பார்ப்பதற்கும் அந்தப் பயத்துக்கும் சம்பந்தமே இல்லை.

நம் மண்ணிலேயே இதற்கு அறிவு இருந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சந்திரசேகரனும் மாரிமுத்துவும் குகை வவ்வால்களை ஆராய்ந்தார்கள். பகலும் இரவும் தெரியாத உள்ளிருட்டில் அடைக்கப்பட்ட வவ்வால், தன் கூட்டம் கிளம்புவதையும் திரும்புவதையும் வைத்தே நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது என்று 1981இல் எழுதினார்கள். கூட்டம்தான் அதன் கடிகாரம். கூட்டத்தைக் கலைத்தால் கடிகாரத்தையே உடைக்கிறோம். கோயில் விளக்குக்கு எண்ணெய் தந்த இலுப்பையின் விதையைத் தூரத்துக்குக் கொண்டுபோய்ப் போடுவதும் பழந்தின்னி வவ்வால்தான். அதைச் சட்டமே 1972 முதல் எலியோடும் காக்கையோடும் ‘தீங்குயிரி’ பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தம் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டது. நம் வாயிலிருந்துதான் இன்னும் எடுபடவில்லை.

மயிலாடுதுறைப் பக்கம் பெரம்பூரில் வவ்வால்களுக்காகவே தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. டிக்கெட் இல்லை, காட்சி மேடை இல்லை. “அதுவும் நம்மூருல இருக்குல்ல” என்பதே அங்கே போதுமான காரணம்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் இதைத்தான் கேட்கிறேன். பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் விமானத்தின் மேல் விளக்கு வேண்டாம், ட்ரோன் வேண்டாம். புல்தரையில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்க நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அதற்குக் கோடிகள் தேவையில்லை, சுவிட்சை அணைத்தால் போதும். ஆயிரம் ஆண்டு பெருமையைப் பேசுகிறவர்களால் ஒரு மணி நேர இருட்டைத் தர முடியாதா?