கராஜ் பக்கம்: உயரம் குறைத்த மோட்டார் சைக்கிளில் போர்க் ஒயில் மட்டம்



இந்த முறை ஒரு தங்கச்சியின் கடிதத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

"அண்ணா, நான் ஐந்தடி உயரம்தான். சிக்னலில் நின்றால் கால் முழுதாக நிலத்தில் படாது. அதனால் மோட்டார் சைக்கிளை முன்னும் பின்னும் 40 மி.மீ. பதித்தேன். முன்பக்கம் போர்க்கைக் கழற்றி உள்ளே துண்டு வைத்துத்தான் குறைத்தார்கள். இப்போது கால் நன்றாக ஊன்றுகிறது. ஆனால் பலமாகப் பிரேக் பிடித்தால் முன்பக்கம் 'டக்' என்று இடிக்கிறது. ஒயிலைக் கூட்டினால் சரி என்கிறார்கள். எவ்வளவு கூட்டுவது? அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்ட நாளிலிருந்து வண்டியை வித்துவிடு என்கிறா."

அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. அது போர்க் முழுதாக அமுங்கி, கடைசி எல்லையில் மோதும் சத்தம். அந்த நொடியில் பள்ளம் மேடு வந்தால் சில்லு மேலே எழும்ப இடம் இல்லை. மழை நாளில், ரவுண்டபவுட்டுக்கு முன் பிரேக் பிடித்தபடி அப்படி நடந்தால் ரயர் வழுக்கிவிடும்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். போர்க் குழாய்களைக் கிளாம்பில் மேலே தள்ளி உயரத்தைக் குறைத்திருந்தால் போர்க்கின் உள்ளே எதுவும் மாறவில்லை. ஒயிலைத் தொடத் தேவையில்லை. போர்க் முழுதாக அமுங்கும்போது மட்கார்ட் கீழ்க் கிளாம்பிலோ ரேடியேற்றரிலோ முட்டாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தங்கச்சியின் வண்டியில் நடந்தது வேறு. உள்ளே வைத்த துண்டு போர்க்கை முழுதாக நீள விடாது. 120 மி.மீ. அசைந்த போர்க் இப்போது 80 மி.மீ. தான் அசையும். அதே பள்ளத்தை அதைவிடக் குறைந்த தூரத்தில் தாங்க வேண்டியிருக்கிறது.

ஒயில் இதில் எங்கே வருகிறது? போர்க்குக்குள் ஒயிலுக்கு மேலே காற்று அடைபட்டிருக்கிறது. போர்க் அமுங்க அமுங்க அந்தக் காற்றும் நெருங்கி, இரண்டாவது ஸ்பிறிங் போல எதிர்த்துத் தள்ளும். பருமட்டாக ஒரு கணக்கு: காற்று இடைவெளி 120 மி.மீ., அசைவு 120 மி.மீ. என்றால், 240 மி.மீ. காற்று 120க்கு, அதாவது பாதியாக, நெருங்கும். அசைவு 80 ஆனதும் 200 மி.மீ. காற்றுத்தான் 120க்கு நெருங்குகிறது. காற்றின் உதவி குறைந்துவிட்டது. ஆகவே ஒயிலைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னவர்கள் சொன்னது முழுப் பிழை அல்ல. ஆனால் எவ்வளவு என்பதை ஊற்றிப் பார்த்துச் சொல்ல முடியாது, அளந்துதான் சொல்லலாம்.

போத்தலில் உள்ள மில்லிலீற்றர் கணக்கை நம்ப வேண்டாம். அடியில் பழைய ஒயில் கொஞ்சம் தங்கியிருக்கும். புதிதாக வைத்த துண்டும் இடம் பிடிக்கும். மட்டத்தை அளக்கும் முறை இது:

1. வண்டியை அசையாதபடி உறுதியாக நிறுத்தி, முன் சில்லை நிலத்திலிருந்து உயர்த்துங்கள். போர்க் மூடியைத் தளர்த்தும்போது கவனம். ஸ்பிறிங் அதை மேலே தள்ளிக்கொண்டு வரும்.
2. ஸ்பிறிங்கை வெளியே எடுத்து, பழைய ஒயிலை வடியுங்கள். மனுவல் சொல்லும் வகை ஒயிலையே ஊற்றுங்கள். 10W என்று எழுதியிருந்தாலும் எல்லாக் கம்பனி ஒயிலும் ஒரே தடிப்பில் இருப்பதில்லை.
3. போர்க்கைப் பலமுறை மெதுவாக அமுக்கி இழுத்து, சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். பத்து நிமிடம் நேராக நிற்க விடுங்கள்.
4. ஸ்பிறிங் இல்லாமல் போர்க்கை முழுதாக அமுக்கி, குழாயின் மேல் விளிம்பிலிருந்து ஒயில் வரை அளவுங்கள். பெரும்பாலான மனுவல்கள் சொல்வது இந்த நிலையில் எடுத்த அளவைத்தான்; உங்கள் மனுவலில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.
5. ஒரு பெரிய சிரிஞ்சில் ரியூப் மாட்டி, வேண்டிய அளவில் அடையாளம் இடுங்கள். ஒயிலைச் சற்றுக் கூடுதலாக ஊற்றி, ரியூப்பை அந்த அடையாளம் வரை விட்டு உறிஞ்சினால், காற்று வரும் இடத்தில் மட்டம் சரியாக நிற்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்க வேண்டும்.

உயரம் குறைக்கும் கிற்றுடன் வந்த தாளில் மட்டம் எழுதியிருந்தால் அதையே வையுங்கள். இல்லாவிட்டால் மனுவலின் அளவில் தொடங்குங்கள். போர்க் குழாயில் ஒரு கேபிள் டையைச் சுற்றி, ஓடிவிட்டுப் பாருங்கள். எவ்வளவு தூரம் அமுங்கியது என்று அது காட்டும். இன்னும் இடித்தால் இடைவெளியை 5 மி.மீ. மட்டும் குறையுங்கள். 120ஐ 115 ஆக்குவது என்றால் ஒயிலைக் கூட்டுவது. இதில் பலர் தலைகீழாக விளங்கிக்கொள்வார்கள். மீண்டும் ஓடிப் பாருங்கள்.

இரண்டு மூன்று முறை கூட்டியும் இடித்தால் நிறுத்துங்கள். அது ஒயிலால் தீராது. உங்கள் நிறைக்கும் குறைந்த அசைவுக்கும் ஏற்ற கடினமான ஸ்பிறிங் வேண்டும். மேலும் மேலும் ஒயில் ஊற்றினால் காற்றுக்கு இடமில்லாமல் போர்க் பாதியில் கல்லாகிவிடும், அழுத்தம் தாங்காமல் ஒயில் சீல் கசியும். அந்த ஒயில் வழிந்து போவது பிரேக் டிஸ்க் பக்கம். எம்.ஓ.டி. சோதனையிலும் கசிவைப் பார்ப்பார்கள்.

உயரம் குறைத்ததை இன்சூரன்சுக்கு அறிவித்தீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே அறிவியுங்கள். வடித்த ஒயிலைக் கானில் ஊற்றாமல் கவுன்சில் ரீசைக்கிளிங் நிலையத்தில் கொடுங்கள்.

இந்த வேலையில் கை பழகாதவர்கள் கராஜில் கொடுப்பதே நல்லது. கொடுக்கும்போது, "எத்தனை மி.மீ. மட்டம் வைத்தீர்கள்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தங்கச்சி, அந்தத் தாளையும், இடிக்காமல் நிற்கும் கேபிள் டையையும் அம்மாவுக்குக் காட்டுங்கள். அதுவரை வண்டியை வீட்டில் நிறுத்தி, பஸ்ஸில் போய் வாருங்கள்.