பின்னூட்டமா, பாராட்டுக் கொள்முதலா?

இசைக்காணொளி செய்யும் மாணவர்கள் ‘பார்வையாளர் பின்னூட்டம்’ என்ற பெயரில் திரட்டுவது பெரும்பாலும் பின்னூட்டம் அன்று, பாராட்டுக் கொள்முதல். ஒரு கூகுள் படிவம், வகுப்புத் தோழர் இருபது பேர், ஐந்து விண்மீன்கள், ஒரு வட்ட வரைபடம். செயல்திட்ட அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் அவ்வரைபடம் இடம்பெறுகிறது. காணொளியில் ஒரு விநாடியும் மாறுவதில்லை. இதற்கு மதிப்பெண் வழங்கும் துறைகளுக்கும் இப்பிழையில் பங்குண்டு.

குறை வினாவிலேயே தொடங்குகிறது. நன்னூல் வினாவை அறி வினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என ஆறாக வகுக்கிறது. பின்னூட்டத்திற்கு உரியது அறியா வினா. ‘எந்த இடத்தில் கவனம் விலகியது?’, ‘எந்தச் சொல் காதில் விழவில்லை?’, ‘படியில் அமர்ந்திருக்கும் பெண்ணை யாரென்று எண்ணினீர்கள்?’ என்பன அவ்வகையின. ‘பாடல் உங்கள் மனத்தைத் தொட்டதா?’ என்பதோ, அரிசி வாங்க வந்தவர் வணிகரிடம் ‘அரிசி உண்டோ?’ என வினவுவது போன்ற கொளல் வினா. கேட்பவர் ஓர் ‘ஆம்’ கொள்ளவே வந்திருக்கிறார். தோழரும் குறைவின்றி அளந்து கொடுக்கிறார்.

ஐதராபாத்தின் மௌலா அலியை எடுத்துக்கொள்வோம். குன்றின் உச்சியில் குதுப் ஷாஹி காலத்துத் தர்கா. அடிவாரத்தில் உருதுக் கவிஞரும் இசை, நடனக் கலைஞருமான மஹ் லகா பாய் சந்தாவின் (1768–1824) கல்லறை. உருதுப் பாடலுக்கோ தக்கனிப் பாடலுக்கோ காணொளி எடுக்கும் மாணவர்க்கு இதைவிடப் பொருத்தமான களம் அரிது. ஆயின் அக்கவிஞரின் மரபே அப்படிவத்தைக் கண்டிக்கிறது. முஷாயராவில் கேட்போர் நிகழ்ச்சி முடியும்வரை காத்திருந்து விண்மீன் வழங்குவதில்லை. பிடித்த அடிக்கு ‘வாஹ்’ என்பர். மீண்டும் கேட்க விழைந்தால் ‘முகர்ரர்’ என்பர். வலுவற்ற அடிக்கு மௌனமே தீர்ப்பு. எந்த அடி நின்றது, எது விழுந்தது என்பது கவிஞருக்கு அவ்விடத்திலேயே விளங்கிவிடும். இடம் சுட்டாத பாராட்டு படத்தொகுப்பில் எதற்கும் உதவாது.

யாரைக் கேட்பது என்பது அடுத்த வினா. தக்கனியில் ‘நக்கோ’ என்றால் ‘வேண்டாம்’. துணைத்தலைப்பில் அது ‘முடியாது’ என்று வந்தால், மறுப்பின் பொருளே மாறிவிடுகிறது. அப்பிழையை வகுப்புத் தோழர் அறியார்; அம்மொழியைத் தாய்மொழியாகப் பேசும் அடிவாரத்துக் கடைக்காரர் அறிவார். அவர் முகம் காணொளியில் வரலாம்; அவர் கருத்து மட்டும் படிவத்தில் வருவதில்லை.

பிரெஞ்சு மானிடவியலாளரும் திரைப்பட இயக்குநருமான ழான் ரூஷ், நைஜர் ஆற்றின் நீர்யானை வேட்டையை 1951இல் படமாக்கினார். பின்னர் அப்படத்தை அவ்வேட்டைக்காரர்களுக்கே திரையிட்டார். வேட்டைக் காட்சியின் உச்சத்தில் அவர் அவர்களுடைய வேட்டை இசையையே சேர்த்திருந்தார். அவர்கள் ஏற்கவில்லை: வேட்டையில் அமைதி வேண்டும்; இசை ஒலித்தால் நீர்யானை ஓடிவிடும் என்றனர். ரூஷ் இசையை நீக்கினார். ‘மிக நன்று’ என்ற நூறு விடைகளும் அந்த ஒரு திருத்தத்தைத் தந்திரா.

பார்வையாளர் சொற்படி மாற்றினால் படைப்பாளியின் சுதந்திரம் என்னாவது என்று சில பேராசிரியர்கள் வினவுவர். கேட்பது வேறு, பணிவது வேறு. ரூஷ் எவர்க்கும் பணியவில்லை. தம் படத்தின் பொய்யான ஓரிடத்தை அறிந்து திருத்தினார். காரணம் காட்டி ஒரு கருத்தை மறுப்பதும் பின்னூட்டத்தைப் பயன்படுத்துவதே. கருத்தே கேட்காமல் காப்பாற்றப்படுவது சுதந்திரமன்று, அச்சம்.

ஆகவே மதிப்பெண் விடைகளின் எண்ணிக்கைக்கு உரியதன்று, திருத்தத்திற்கு உரியது. முதல் தொகுப்பும் இறுதித் தொகுப்பும் ஒருங்கே வைக்கப்பட வேண்டும். எந்த விநாடியில் யார் என்ன சொன்னார், எது மாறியது, எது ஏன் மறுக்கப்பட்டது என்ற குறிப்பு உடன் வேண்டும். காணொளியில் இடம்பெற்றோரும் அப்பார்வையாளருள் இருத்தல் வேண்டும். இவை இன்றி வட்ட வரைபடத்திற்கு முழு மதிப்பெண் இடும் துறை, மாணவர்க்கு ஒன்றையே கற்பிக்கிறது: விடை தெரிந்த பின்னரே வினவு.