டாக்டர் எழுதிய தேயிலைக் கதை

வால்பாறைக்குச் சுற்றுலா போய் வந்தவர்கள் 40 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிச் சொல்வார்கள். வரையாட்டைப் பார்த்ததைச் சொல்வார்கள். சாலையோரம் நிற்கும் தோட்டத் துரை கார்வர் மார்ஷின் சிலையருகே படம் எடுத்திருப்பார்கள். அந்த மலையில் கொழுந்து பறித்தவர்களைப் பற்றி ஒரு நாவல் இருக்கிறது, அதுவும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்ட நாவல் என்று சொன்னால் கோயம்புத்தூர்க்காரர்களே நம்பாமல் பார்க்கிறார்கள். பி.எச். டேனியலின் ‘ரெட் டீ’ 1969-ல் வெளிவந்தது. ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரில் அது தமிழுக்கு வர 2007 ஆகிவிட்டது. மொழிபெயர்த்தவர் கோவை வழக்கறிஞரும் எழுத்தாளருமான இரா. முருகவேள். வெளியிட்டது கோவை விடியல் பதிப்பகம். இடைப்பட்ட 38 ஆண்டுகளில், யாருடைய வாழ்க்கை அதில் இருந்ததோ அவர்களில் அநேகம் பேர் தங்களைப் பற்றி ஒரு புத்தகம் உண்டு என்பதே தெரியாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தத் தாமதம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இந்தியர்கள் ஆங்கிலத்தில் எழுதும் நாவல்களைப் பற்றிப் பேச்செடுத்தால், நம் வறுமையை வெளிநாட்டில் கடை பரப்புகிறார்கள் என்ற குற்றச்சாட்டுதான் முதலில் வரும். அரவிந்த் அடிகாவின் ‘தி ஒயிட் டைகர்’ 2008-ல் புக்கர் பரிசு வாங்கியபோது அது உச்சத்துக்குப் போனது. இந்தச் சண்டையில் எனக்கு ஈடுபாடு இல்லை. எந்த மொழியில் எழுதினாலும் பசி பசிதான். எழுதுகிறவருக்கு அந்த வேலை தெரியுமா, அந்தக் கூலி யார் யார் கையில் எவ்வளவு உதிர்ந்து கடைசியில் தொழிலாளி கைக்கு வருகிறது என்று தெரியுமா என்பதைத்தான் நான் பார்ப்பேன். துன்பத்தைக் கண்டு உருகி எழுதப் பலர் இருக்கிறார்கள். அந்தத் துன்பம் எந்தக் கணக்கு நோட்டில் தயாராகிறது என்று எழுதியவர்கள் கொஞ்சம்.

டேனியலுக்குத் தெரிந்திருந்தது. அவர் மருத்துவர். 1940களில் ஆனைமலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர். தன்னிடம் வந்த வயதான தொழிலாளர்களின் வாய்மொழியாக, அதற்கும் முந்தைய 1920களின் கதையைத் திரட்டினார். திருநெல்வேலிச் சீமையில் மழை பொய்த்த ஒரு ஊரிலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் பேச்சை நம்பி முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். அந்த முன்பணம்தான் நாவலின் அச்சாணி. பயணச் செலவு, கம்பளி, அரிசி எல்லாம் கடனாகவே பேரேட்டில் ஏறும். காய்ச்சலில் படுத்தால் அன்றைக்குக் கூலி கிடையாது. ஆள் பிடித்து வந்த மேஸ்திரிக்கோ தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு. ஆகவே தன் ஆட்கள் ஊர் திரும்புவதை அவனே விரும்பமாட்டான். முன்பணம் வாங்கியவன் ஓடிப்போனால் அவனைச் சிறைக்கு அனுப்ப 1859-ல் போட்ட ஒப்பந்த மீறல் சட்டம் 1925-ல்தான் நீக்கப்பட்டது. வாங்கிய கடனுக்காக ஒரு மனிதனைப் பூட்டி வைக்கச் சர்க்காரே சாவி கொடுத்த காலம் அது.

மருத்துவராக இருந்ததால் டேனியலின் கண் போகும் இடங்களே வேறு. அட்டை கடித்துச் சீழ் வைத்த கால், ஒரே லைன் வீட்டில் அடைந்து கிடக்கும் குடும்பங்கள், குளிர்காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பிள்ளை பெற்ற உடம்போடு வேலைக்கு இறங்கும் பெண். நோயை அவர் விதியாக எழுதவில்லை. சாக்கடை வெட்டாததும் கொய்னா கொடுக்காததும் யாருக்கு மிச்சம் என்று கேட்டு எழுதியிருக்கிறார். பாலாவின் ‘பரதேசி’ 2013-ல் இந்தக் கதையை ஊரெங்கும் கொண்டுபோனது. அந்த நன்மையை மறுக்க மாட்டேன். ஆனால் படத்தில் மருத்துவர் மதம் பரப்ப வந்தவராக ஆடிப்பாடுகிறார். தோட்ட ஊழியர்களின் சங்கப் பணியிலும் நின்ற ஒரு மருத்துவர் எழுதிய புத்தகத்துக்கு அது பெரிய அநியாயம்.

‘ரெட் டீ’க்கு 32 ஆண்டுகள் முன்பே முல்க் ராஜ் ஆனந்த் ‘டூ லீவ்ஸ் அண்ட் எ பட்’ எழுதிவிட்டார். 1937-ல் வந்த நாவல். பஞ்சாபிலிருந்து கங்கு என்ற விவசாயி ஆசை வார்த்தையில் மயங்கி அஸ்ஸாம் தோட்டத்துக்குப் போகிறான். அங்கேயும் ஒரு மருத்துவர் வருகிறார், தெ லா ஹாவ்ர் என்ற வெள்ளைக்காரர். தொழிலாளர் பக்கம் நின்று பேசுகிறவர் அவர்தான். படித்தபோது எனக்கு உறுத்தியது அதுவே: கங்கு பட்டதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஒரு டாக்டர் தேவைப்படுகிறார், கங்குவின் வாயில் அந்தச் சொற்கள் இல்லை. கமலா மார்க்கண்டேயாவின் ‘நெக்டர் இன் எ சீவ்’ (1954) ருக்மணியையே பேசவிட்டது பெரிய காரியம். தோல் பதனிடும் ஆலை வந்து ஒரு கிராமத்தின் விலைவாசியையும் குடும்பங்களையும் கலைத்துப்போடுவதை அவள் சொல்லக் கேட்கிறோம். ஆனால் அந்தக் கிராமத்துக்குப் பேரில்லை. ஈரோட்டில் தோல் ஷாப்பு நாற்றத்தோடு வளர்ந்த ஒருவர் அதில் தன் ஊரைத் தேடினால் கிடைக்காது.

திருப்பூரில் தைக்கிறவர்களுக்கு ஒரு ஆங்கில நாவலைக் கொடுக்கலாம் என்றால் நான் ரோஹின்டன் மிஸ்திரியின் ‘எ ஃபைன் பேலன்ஸ்’ (1995) நாவலைத்தான் சொல்வேன். நெருக்கடி நிலைக் காலம், கடலோரப் பெருநகரம். தோல் தொழிலுக்கென்று ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்து தையல் கற்றுக்கொண்ட ஈஷ்வரும் அவன் தம்பி மகன் ஓமும், தினா என்ற விதவையின் வீட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் துணி தைக்கிறார்கள். எந்தக் கம்பெனி என்று தினா சொல்லமாட்டாள். விலாசம் தெரிந்தால் தையல்காரர்கள் நேரே போய் ஆர்டர் வாங்கிவிடுவார்கள், தன் பங்கு போய்விடும். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற எவருக்கும் இந்த இடத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. தினா கெட்டவள் இல்லை. வாடகைக்குப் பயந்து வாழ்கிறவள். ஏழைக்கும் அவனைவிட ஒரு படி மேலே இருக்கிறவளுக்கும் நடுவில் உள்ள அந்தப் பயத்தை இவ்வளவு நியாயமாக எழுதிய வேறொரு ஆங்கில நாவலை நான் படித்ததில்லை.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். பிறந்து வளர்ந்து ஓய்வுபெற்றது வரை எஸ்டேட்தான். பிறகு மகனோடு பொள்ளாச்சிப் பக்கம் வந்துவிட்டார். ‘எரியும் பனிக்காடு’ கொடுத்திருந்தேன். திருப்பித் தரும்போது அவர் சொன்னது: “எல்லாம் நெசந்தான் தம்பி. அட்ட கடிச்சது, காய்ச்சல்ல செத்தது, மேஸ்திரி அடிச்சது, எல்லாம் எங்க ஆத்தா சொன்ன கததான். ஆனா இதுல யாருமே சிரிக்கக் காணமே. லைன்னா ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் சண்டைன்னுதான இருக்கும்?”

கருப்பனும் வள்ளியும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்ளும் இடங்கள் உண்டே என்றேன். “அது கட்டுன பொண்டாட்டி, தாங்காம? நான் சொல்லுறது பக்கத்து வீட்டுக்காரிய” என்றார்.

அவர் சொன்னதில்தான் ஆங்கிலத்தில் எழுதப்படும் துயரக் கதைகளின் பெரிய குறை இருக்கிறது என்று நினைக்கிறேன். வெளியிலிருந்து இரக்கத்தோடு வருகிறவருக்கு முதலில் தெரிவது புண். லைனில் இருக்கிறவர்களுக்கோ புண்ணும் தெரியும், யார் யாருக்குப் பட்டப்பெயர் என்ன, யார் குழம்பு ருசி என்பதும் தெரியும். இரண்டாவதை எழுதாமல் விட்டால் முதலாவது பாதி உண்மையாகிவிடுகிறது. படிக்கிறவர் அந்த மனிதர்களுக்காக வருந்துவார், அவர்களோடு பழக முடியாது.

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) எனக்கு அதனால்தான் முக்கியம். கவுண்டர் பண்ணையத்தில் வருசக் கூலிக்கு ஆடு மேய்க்கும் அருந்ததியர் வீட்டுப் பிள்ளைகளின் கதை. கூலி அப்பனுக்குப் போய்விடும், பையனுக்குச் சோறும் உதையும். இருந்தும் அந்த மேட்டாங்காட்டில் அவர்கள் ஆடாத ஆட்டம் இல்லை. முதலாளி வீட்டுப் பையன் செல்வன் கூடச் சேர்ந்து விளையாடுகிறான். விளையாட்டு முடிந்ததும் யார் எங்கே நிற்க வேண்டும் என்பது இருவருக்குமே தெரியும். கொங்கு நாட்டின் ஏற்றத்தாழ்வு முழுவதும் அந்த ஒரு நட்புக்குள் இருக்கிறது. வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2004-ல் ஆங்கிலத்துக்குப் போனது. ‘ரெட் டீ’ ஆங்கிலத்திலிருந்து வீடு திரும்பியது. இது வீட்டிலிருந்து புறப்பட்டுப் போனது. கோவைக் கல்லூரிகளின் ஆங்கிலத் துறைகள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடம் நடத்தினால், ஆனைமலையிலிருந்தும் அன்னூரிலிருந்தும் படிக்க வரும் பிள்ளைகள் தம் பாட்டிமாரிடம் கேட்டுவந்து பேச எவ்வளவோ இருக்கும்.

வால்பாறை லைன்களில் இன்று தமிழ்ச் சத்தம் குறைந்துவிட்டது. தொழிலாளர்களின் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டார்கள். பெற்றவர்களும் பின்னாலேயே வருகிறார்கள். அவர்கள் விட்டுப்போன வீடுகளில் ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்தவர்கள் குடியிருந்து கத்தரி பிடித்துக் கொழுந்து வெட்டுகிறார்கள். ஒரு காலத்தில் மேஸ்திரிகள் திருநெல்வேலிக்குப் போய் ஆள் பிடித்தார்கள். இன்றைக்கு ரயில் அதைவிடத் தூரம் போகிறது. ஜார்க்கண்டின் சந்தால் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர் ஹன்ஸ்தா சௌவேந்திர சேகர். அவரும் டாக்டர்தான், அரசு மருத்துவர். ஆனால் அவர் அந்த மக்களிலேயே ஒருவர். அவருடைய ‘தி ஆதிவாசி வில் நாட் டான்ஸ்’ 2015-ல் வந்தது. 2017-ல் ஜார்க்கண்ட் அரசு அதைத் தடை செய்து அவரைப் பணியிடை நீக்கமும் செய்தது. பிறகு தடை விலகியது. வயல் வேலைக்காக வங்காளத்துக்கு ரயிலேறும் சந்தால் பெண்ணைப் பற்றி ஒரு சிறுகதை அந்தத் தொகுப்பில் இருக்கிறது. வங்காளத்தைத் தாண்டி வால்பாறை வரை வந்தவர்களின் கதையும் எழுதப்பட வேண்டும். அது சந்தாலியில் வந்தாலும் ஆங்கிலத்தில் வந்தாலும் தமிழுக்கு வர இன்னொரு 38 ஆண்டு ஆகக் கூடாது. அந்த லைனிலேயே அதைப் படிக்க ஆள் இருக்கும்போதே வந்துவிட வேண்டும்.