யோக சிகிச்சை ஆராய்ச்சி: முழுக் கணக்கையும் சொல்லுங்கள்!

முதலியார்பேட்டையில் ஒரு பழைய மில் தொழிலாளி இருக்கிறார். முப்பது வருஷம் தறியில் நின்றவர். மில் மூடிய பிறகு இரவுக் காவல் வேலை செய்து பிழைக்கிறார். நீரிழிவுக்காரர். ஒருநாள் பத்திரிகைத் துண்டு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கட்சி அலுவலகத்துக்கு வந்தார். "யோகா செய்தால் சர்க்கரை போய்விடும்னு ஆராய்ச்சியிலேயே சொல்லிட்டாங்க தோழர், இனி மாத்திரை எதுக்கு?" என்றார். மாத்திரையை நிறுத்தியும் விட்டார். சில மாதம் கழித்துக் காலில் புண் வந்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். எத்தனை பேரைச் சோதித்தார்கள்? எத்தனை வாரம்? அவர்கள் மாத்திரையும் சாப்பிட்டு வந்தார்களா? யோகம் செய்யாத வேறு நோயாளிகளோடு ஒப்பிட்டார்களா? ஒரு கேள்விக்கும் அதில் பதில் இல்லை. "குணம்" என்ற கொட்டை எழுத்து மட்டும் இருந்தது.

யோகத்தை நான் இழித்துப் பேச வரவில்லை. உழைத்து முறுகிய உடம்புக்கு நல்ல பயிற்சி கிடைத்தால் யார் வேண்டாமென்பார்கள்? ஜிப்மரில் 2008ல் யோக சிகிச்சைக்கென்றே ஒரு மையம் துவக்கினார்கள். ஜனவரி தோறும் சர்வதேச யோகா விழா நடக்கும் ஊர் புதுவை. ஆகவே, இந்த விஷயத்தில் சரியான கணக்குக் கேட்க நமக்குத்தான் முதல் உரிமை.

அரைகுறைச் செய்தி எப்படி வளரும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1935ல் தெரேஸ் புரோஸ் என்ற பிரெஞ்சு டாக்டர் இந்தியா வந்து, யோகி ஒருவர் இருதயத் துடிப்பை அநேகமாக நிறுத்திக் காட்டியதாகப் பதிவு செய்தார். உலகமெல்லாம் அதிசயித்தது. ஆனால் உண்மை என்ன? வெங்கர், பாக்சி என்ற அமெரிக்க விஞ்ஞானிகளும் டில்லி டாக்டர் ஆனந்தும் கூடுதல் கருவிகளை வைத்துச் சோதித்து, 1961ல் முடிவை வெளியிட்டார்கள். மூச்சை அடக்கி, வயிற்றுத் தசையையும் மார்புத் தசையையும் இறுக்கும்போது கையில் நாடி அகப்படவில்லை, காதில் துடிப்பும் கேட்கவில்லை. ஆனால் இருதயம் மட்டும் நிற்கவேயில்லை! இந்த உண்மை வெளிவர 26 வருஷம் ஆயிற்று.

நம் ஜிப்மரையே எடுத்துக்கொள்வோம். 1992ல் பிரசுரமான ஓர் ஆராய்ச்சியில் 27 மாணவர்களுக்கு 12 வாரம் யோகப் பயிற்சி தந்து, முன்னும் பின்னும் அளந்தார்கள். ஒளியையும் ஒலியையும் கண்டு கேட்டுச் செயல்படும் வேகம் கூடியது. நல்ல வேலைதான். ஆனால் அவர்கள் ஆரோக்கியமான இளைஞர்கள். அதை வைத்து அறுபது வயது நோயாளிக்கு ஆரூடம் சொல்ல முடியுமா?

நேர்மையான அறிக்கைக்கும் உதாரணம் உண்டு. மாரடைப்பு வந்து பிழைத்த 3,959 பேரை, நாட்டின் 24 ஆஸ்பத்திரிகளில் இரு பிரிவாக்கிச் சோதித்த முடிவு 2020ல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான வைத்தியத்தோடு 12 வார யோகப் பயிற்சி; மற்றதற்கு வைத்தியமும் ஆலோசனையும். மரணம், மறு மாரடைப்பு போன்ற பெரிய விபரீதங்கள் யோகப் பிரிவில் 131 பேருக்கு, மற்றதில் 146 பேருக்கு. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம், யோகம் உயிரைக் காத்தது என்று இதைக் கொண்டு சொல்ல முடியாது என்பதை மறைக்காமல் எழுதினார்கள். உடல் நிலை பற்றிய திருப்தி யோகப் பிரிவில் சற்று அதிகம் என்பதையும் எழுதினார்கள். சாதகம், பாதகம் இரண்டும் வெளியே வந்தன. இதுவல்லவா விஞ்ஞானம்!

பிறகு ஏன் எல்லாரும் இப்படி எழுதுவதில்லை? காரணம் இலாபம். ஒரு சின்னச் சோதனையைக் காட்டிப் பெரிய கடை விரிக்கலாம். 2020 ஜூனில் பதஞ்சலி கம்பெனி ஏழே நாளில் நூற்றுக்கு நூறு கொரோனா குணம் என்று மருந்தை மேடையேற்றியது. விளம்பரத்தை நிறுத்தும்படி ஆயுஷ் மந்திரி இலாகா சொல்ல வேண்டியதாயிற்று. 2024ல் தவறான விளம்பரங்களுக்காக அந்தக் கம்பெனி சுப்ரீம் கோர்ட்டில் மன்னிப்புக் கேட்டது. நீரிழிவைப் போக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954ம் வருஷச் சட்டம் தடுக்கிறது. ஆனால் அதே பேச்சு "ஆராய்ச்சிச் செய்தி" என்ற வேஷத்தில் வந்தால் கேட்பாரில்லை.

"யோகம் நம் பாரதப் பண்பாடு, அதைக் கேள்வி கேட்கலாமா?" என்பார்கள் சிலர். பண்பாட்டின்மேல் நம்பிக்கை உள்ளவன் சோதனைக்கு அஞ்ச மாட்டான். "யோகமே மூடநம்பிக்கை, ஆராய்ச்சி எதற்கு?" என்று நம்மவர் சிலரும் கேட்கிறார்கள். அதுவும் தவறு. சோதிக்காமல் தள்ளுவதும் சோதிக்காமல் கும்பிடுவதும் ஒன்றேதான்.

வழி தெரியாமல் இல்லை. யோக ஆராய்ச்சியை எப்படி எழுத வேண்டும் என்று பல தேச நிபுணர்கள் கூடி, 21 அம்சப் பட்டியல் ஒன்றை 2022ல் வெளியிட்டிருக்கிறார்கள். 2007 முதல் நம் நாட்டில் சோதனைகளைப் பதிவு செய்யும் பொது ஏடும் இருக்கிறது. இவற்றை அமுலாக்கத்தான் ஆளில்லை.

நாம் கோருவது இதுதான்:

சர்க்கார் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு யோக சோதனையும் துவங்கும் முன்பே பதிவாக வேண்டும். எந்த ஆசனம், எந்தப் பிராணாயாமம், எத்தனை நிமிஷம், யார் சொல்லிக் கொடுத்தது, நோயாளி கூடவே என்ன மருந்து சாப்பிட்டார் என்பதெல்லாம் அறிக்கையில் இருக்க வேண்டும். பாதியில் நின்றவர்கள் எத்தனை பேர், யாருக்கு இடுப்புப் பிடித்தது, யாருக்குத் தலை சுற்றியது என்பதையும் எழுத வேண்டும். பலன் இல்லை என்று தெரிந்தால் அதையும் பிரசுரிக்க வேண்டும். முடிவின் சாராம்சத்தை எளிய தமிழில் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்ட வேண்டும். பத்திரிகைக்காரர்கள் "குணம்" என்று எழுதுமுன் "எத்தனை பேர்? யாரோடு ஒப்பிட்டு?" என்று கேட்க வேண்டும்.

தோழர்களே! நீங்களும் கேளுங்கள். அதுவரை டாக்டரைக் கேளாமல் ஒரு மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். கூலியில் ஒரு ரூபாய் குறைந்தால் கணக்குக் கேட்கிறவர்கள் நாம். உடம்பு விஷயத்தில் மட்டும் கணக்கில்லாமல் நம்பலாமா? தொழிலாளிக்கு உடம்புதான் முதல்!