அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்கு அயல்நாடு போக வேண்டுமா?



வால்வு ஆம்ப்ளிபையர் செய்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிற நம் ஆட்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நின்று போகிறார்கள். வால்வு கிடைத்து விடுகிறது. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் தயாரித்த பழைய சரக்கு இன்னும் ஆங்காங்கே இருக்கிறது. இல்லையென்றால் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா வால்வுகள் இருக்கின்றன. ரெசிஸ்டரும் கண்டன்சரும் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் என்றதும், "அதை ஃபாரின்ல இருந்து வரவழைக்கணும்டா, நமக்குக் கட்டுப்படியாகாது" என்று யாராவது ஒரு சீனியர் சொல்லிவிடுவார். சர்க்யூட் படம் நோட்டுக்குள்ளேயே மடங்கிப் போகும்.

கனடாவின் ஹாமண்ட், அமெரிக்காவின் எட்கார் எல்லாம் நல்ல டிரான்ஸ்பார்மர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அது இரும்பும் செம்பும் சேர்ந்த கனமான கட்டி. அதை விமானத்தில் ஏற்றி, சுங்கவரி கட்டி மதுரைக்குக் கொண்டு வந்து சேர்ப்பதற்குள் பொருளின் விலையை விடக் கூலி பெரிதாகிவிடும். ஸ்டீரியோ என்றால் அதுவும் இரண்டு வேண்டும்! என் கருத்து இதுதான்: முதல் ஆம்ப்ளிபையருக்கு அந்தச் செலவு வேண்டாத செலவு. நம்ம ஊர் மைக் செட் கடையிலும் வைண்டிங் கடையிலும் கிடைப்பதை வைத்தே மரியாதையான ஆம்ப்ளிபையர் செய்யலாம். செய்யத்தான் வேண்டும்.

முதலில் கணக்கு. இ.எல்.84 வால்வு இரண்டைப் புஷ்-புல்லாகப் போட்டால், ஒரு பிளேட்டுக்கும் இன்னொரு பிளேட்டுக்கும் இடையே 8,000 ஓம் தெரிய வேண்டும் என்கிறது டேட்டா புத்தகம். 250 வோல்ட் கொடுத்தால் 11 வாட் வரை வரும். நம் ஸ்பீக்கரோ 8 ஓம். எட்டாயிரத்தை எட்டாக்கினால் ஆயிரம், அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 31.6. அதாவது பிரைமரியில் 31.6 சுற்றுக்குச் செகண்டரியில் ஒரு சுற்று. மெஷின்ஸ் பாடத்தில் மனப்பாடம் செய்த அதே டிரான்ஸ்பார்மர்தான் இது, வேறு ஒன்றுமில்லை. ஒரே வித்தியாசம், மெயின்ஸ் டிரான்ஸ்பார்மருக்கு 50 ஹெர்ட்ஸ் தெரிந்தால் போதும். இதற்குத் தவிலும் தெரிய வேண்டும், ஜால்ராவும் தெரிய வேண்டும். சுற்றும் இரும்பும் குறைந்தால் தவில் போய்விடும். பிரைமரியும் செகண்டரியும் ஒன்றோடொன்று நெருங்காமல் விலகிக் கிடந்தால் ஜால்ரா போய்விடும்.

இங்கே நம்மவர்கள் செய்யும் ஒரு தேர்வை நான் ஒத்துக்கொள்வதில்லை. "ஒரே வால்வு, சிங்கிள் எண்டட், சுலபம், செலவு கம்மி" என்று ஆரம்பிக்கிறார்கள். வால்வு எண்ணிக்கையில் அது சரி. டிரான்ஸ்பார்மரில்தான் பர்ஸ் கிழியும். ஒற்றை இ.எல்.84-ல் ஏறத்தாழ 48 மில்லி ஆம்பியர் நேர்மின்சாரம் ஒரே திசையில் வைண்டிங் வழியாக ஓடுகிறது. அது இரும்பைப் பாதி நிரப்பி வைத்துவிடும். அதற்காகக் கோரில் இடைவெளி விட வேண்டும், இடைவெளி விட்டால் இன்டக்டன்ஸ் குறையும், அதை ஈடுகட்ட இன்னும் பெரிய கோர், இன்னும் அதிகச் சுற்று. புஷ்-புல்லில் இரண்டு வால்வின் மின்சாரமும் எதிரெதிர்த் திசையில் ஓடி ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் இந்தத் தொல்லை கிடையாது. ஒரு வால்வு கூடுதலாக வாங்குவது, ஒரு கிலோ இரும்பு கூடுதலாக வாங்குவதை விட லாபம். சிங்கிள் எண்டட்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் பழைய இரும்புக்கடையில் மர்பி, பிலிப்ஸ் வால்வு ரேடியோ தேடட்டும். அதில் இடைவெளி விட்ட டிரான்ஸ்பார்மர் ஏற்கெனவே இருக்கும், மூன்று வாட்டுக்குப் போதும். பிரைமரி அறுந்திருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள். பச்சை பூத்து அறுந்ததுதான் பாதி இருக்கும்.

இனி மைக் செட் சமாச்சாரம். சித்திரைத் திருவிழாவில் தல்லாகுளம் பக்கம் நடந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பத்துக்குக் கம்பம் ஸ்பீக்கர், எல்லாவற்றுக்கும் ஒரே ஒயர். அவ்வளவு தூரம் ஒயர் இழுக்க வேண்டும் என்பதால் ஆம்ப்ளிபையரில் இருந்து 100 வோல்ட் லைனாக அனுப்பி, ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் போட்டு இறக்குகிறார்கள். அதற்குப் பெயர் லைன் டிரான்ஸ்பார்மர். டவுன்ஹால் ரோடு பக்கம் மைக் செட் சாமான் விற்கிற கடைகளில் கேளுங்கள். ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்து கூம்பு ஸ்பீக்கருக்குக் கெடுபிடி கூடிய பிறகு, பழையது பழைய சாமான் கடையிலும் தென்படுகிறது.

அதன் மேல் ஓம் எழுதியிருக்காது, வாட் எழுதியிருக்கும். நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். நூறின் வர்க்கம் பத்தாயிரம், அதை வாட்டால் வகுத்தால் ஓம். 10 வாட் டேப் என்றால் 1,000 ஓம். 5 வாட் என்றால் 2,000. 2.5 வாட் என்றால் 4,000. 1.25 வாட் என்றால் 8,000. பார்த்தீர்களா, நமக்கு வேண்டிய எட்டாயிரம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது! இன்னும் சுவையான விஷயம் உண்டு. இம்பிடன்ஸ் நான்கில் ஒன்று என்றால் சுற்று சரிபாதி. ஆகவே 1.25 வாட் வைண்டிங்கின் நட்ட நடுவில் இருப்பது 5 வாட் டேப். பொது முனை ஒரு பிளேட்டுக்கு, 1.25 வாட் முனை இன்னொரு பிளேட்டுக்கு, 5 வாட் டேப் எச்.டி. சப்ளைக்கு. மைக் செட்காரர் கனவிலும் நினைக்காத சென்டர் டேப் நமக்கு இலவசமாகக் கிடைத்துவிட்டது.

"1.25 வாட் முனையில் 10 வாட் கொடுத்தால் எரியாதா?" என்று கேட்பீர்கள். கோருக்குப் பாதகமில்லை. 10 வாட் டேப்பில் 100 வோல்ட் கொடுக்கும்போது ஒரு சுற்றுக்கு எத்தனை வோல்ட் விழுகிறதோ, முழு வைண்டிங்கில் 283 வோல்ட் கொடுக்கும்போதும் அதேதான் விழும். 8,000 ஓமில் 10 வாட் என்பதும் அந்த 283 வோல்ட்தான். சந்தேகம் கம்பியின் மேல்தான். கடைசிச் சுற்றுகளை மெல்லிய கம்பியில் சுற்றியிருக்கலாம். இரண்டு பாதியின் ரெசிஸ்டன்ஸையும் அளந்து பாருங்கள், ஒன்று மற்றதைப் போல இரண்டு மூன்று மடங்கு இருந்தால் வேண்டாம். பிறகு லேபில் இருக்கும் 500 வோல்ட் மெக்கரை வைத்து வைண்டிங்குக்கும் கோருக்கும் நடுவே, பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே பாருங்கள். முள் கீழே இறங்கினால் அந்த டிரான்ஸ்பார்மரைக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 300 வோல்ட் விளையாட்டுச் சாமான் அல்ல.

என் யோசனை, 10 வாட் வேண்டும் என்றால் 20 வாட் டிரான்ஸ்பார்மர் வாங்குங்கள். கூம்பு ஸ்பீக்கர் கீழ்ச் சுரத்தை எப்படியும் பாடாது, அதனால் அதற்கென்று செய்ததில் இரும்பைச் சிக்கனம் பிடித்திருப்பார்கள். காலம் ஸ்பீக்கருக்கு, பெட்டி ஸ்பீக்கருக்கு என்று கேட்டு வாங்குவது நல்லது. ஒரு டிரான்ஸ்பார்மரை அதன் வாட்டில் கால்பங்குக்கு மட்டும் உபயோகித்தால், அதே கோர் பாதி ப்ரீக்வென்சி வரை தாங்கும். 20 வாட் சாமானில் கடைசி டேப் 2.5 வாட், அதாவது 4,000 ஓம்தானே என்று மலைக்க வேண்டாம். செகண்டரியில் 4 ஓம் முனை இருந்தால் அங்கே நம் 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டுங்கள், எல்லாம் இரட்டிப்பாகிவிடும். இதில் சென்டர் டேப் 10 வாட் முனை.

இத்தனைக்குப் பிறகும் ஒரு குறை இருக்கும். இளையராஜா பாட்டில் பாஸ் கிட்டார் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அதன் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். லைன் டிரான்ஸ்பார்மர் அவ்வளவு கீழே முழு வாட்டில் இறங்காது. அவர்களுக்கு வைண்டிங் கடைதான் கதி. ஸ்டெபிலைசர் கட்டுகிற அண்ணனிடம் போய் "அவுட்புட் டிரான்ஸ்பார்மர்" என்றால், "எத்தனை வோல்ட்டுப்பா?" என்பார். வோல்ட் கணக்கில் பேசாதீர்கள், சுற்றுக் கணக்கில் பேசுங்கள். நடுக்கால் ஒன்றேகால் அங்குலம், அடுக்கும் ஒன்றேகால் அங்குலம் உள்ள இ-ஐ ஸ்டாம்பிங். 30 ஹெர்ட்ஸில் 10 வாட், இரும்புக்கு ஒரு டெஸ்லா என்று வைத்து நம் பழைய 4.44 சூத்திரத்தில் போட்டால் பிரைமரி ஏறக்குறைய 2,240 சுற்று வரும். செகண்டரி 71. பிரைமரிக்கு 34 கேஜ், செகண்டரிக்கு 21 கேஜ் கம்பி தாராளமாகப் பாபினில் அடங்கும்.

சுற்றும் வரிசைதான் முக்கியம். முதலில் 1,120 சுற்று, அதன் மேல் செகண்டரி 71, அதன் மேல் மீதி 1,120, இடையிடையே நல்ல இன்சுலேஷன் தாள், எல்லாம் ஒரே திசை. முதல் பாதியின் முடிவும் இரண்டாம் பாதியின் தொடக்கமும் சேரும் இடம் சென்டர் டேப். இப்படி நடுவில் செகண்டரியைச் சாண்ட்விச் செய்தால் லீக்கேஜ் சுமார் கால்பங்காகக் குறையும், ஜால்ரா திரும்பி வரும். ஸ்டாம்பிங்கை மூன்று மூன்றாக அடுக்கப் பார்ப்பார், "ஒண்ணொண்ணா மாத்திப் போடுங்கண்ணே" என்று பக்கத்திலேயே நில்லுங்கள். கூலி கொஞ்சம் கூடக் கேட்டால் கொடுத்துவிடலாம். கனடாக்காரருக்குக் கொடுப்பதை விட அது நல்ல இடம்.

1947-ல் வில்லியம்சன் தன் புகழ்பெற்ற ஆம்ப்ளிபையரை வெளியிட்டபோது டிரான்ஸ்பார்மருக்கு மிகக் கடுமையான அளவுகளைக் கேட்டார். காரணம், டிரான்ஸ்பார்மரையும் உள்ளே சேர்த்து நிறைய நெகட்டிவ் பீட்பேக் கொடுத்திருந்தார். அந்த சர்க்யூட்டை அப்படியே எடுத்து நம் மைக் செட் டிரான்ஸ்பார்மரில் மாட்டினால் ஊளையிடும். டிரான்ஸ்பார்மர் மலிவு என்றால் பீட்பேக்கும் அடக்கமாக, ஆறு டெசிபல் அளவில் இருக்கட்டும்.

கடைசி வருடம் புராஜெக்ட் சென்டரில் ஆயிரக்கணக்கில் கொடுத்து ரெடிமேட் போர்டு வாங்கி வந்து, வைவாவில் கேள்வி கேட்டால் முழிக்கிற கதை நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் அது நடக்கும். இதில் நடக்காது. எந்த டேப் எந்தப் பிளேட்டுக்கு என்பதை நீங்களே அளந்தால்தான் உண்டு. நான் இதை இவ்வளவு தூரம் வற்புறுத்துவதே அதனால்தான்.

செய்பவர்கள் மூன்று விஷயத்தை மறக்க வேண்டாம். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆம்ப்ளிபையரை ஓட்டாதீர்கள், பிரைமரியில் வோல்டேஜ் எகிறி இன்சுலேஷனைத் துளைத்துவிடும். எச்.டி. கண்டன்சருக்குக் குறுக்கே 100 கே, 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று நிரந்தரமாக இருக்கட்டும், சுவிட்ச் ஆப் செய்தாலும் கண்டன்சர் சும்மா இருக்காது. உள்ளே கை வைக்கும்போது மற்றொரு கை பாக்கெட்டில் இருக்கட்டும்.

முடிந்ததும் ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம் 10 வாட் ரெசிஸ்டரை மாட்டி, ஜெனரேட்டரில் 1,000 ஹெர்ட்ஸ் கொடுத்து 2.83 வோல்ட் வரும்படி வையுங்கள், அது ஒரு வாட். அங்கிருந்து கீழேயும் மேலேயும் போய், எந்த இடத்தில் 2 வோல்ட்டாக விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு எண்ணையும், டிரான்ஸ்பார்மருக்கு ஆன செலவையும் எழுதி டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டில் ஒட்டினால், அடுத்த வருடம் வருகிற தம்பிகளுக்குக் கடை கடையாக அலைச்சல் மிச்சம். கே.கே. நகர் பக்கம் இருப்பவர்கள் அளக்க உதவி வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வரலாம். டிரான்ஸ்பார்மரை மட்டும் நீங்களே தூக்கிக்கொண்டு வர வேண்டும்!