வாரண்டி எங்கேயும் போகாது

பிரிட்டனில் போன் வாங்கியவர்களிடையே இருபது வருடமாக வாய்வழியாகவே உலவும் தீர்ப்பு ஒன்று உண்டு: நெட்வொர்க்காரன் போட்ட பிராண்டிங்கை எடுத்தால் வாரண்டி போச்சு. கவுன்டரில் நிற்கும் பையன் சொல்கிறான். அவனிடம் கேட்டு வந்த மச்சான் நமக்குச் சொல்கிறார். லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் போன் கடை வைத்திருக்கும் நம் ஆட்களும் கேபிளைச் செருகுமுன் "அண்ணா, வாரண்டி போயிடும், பரவாயில்லையா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறார்கள். இத்தனை பேர் சொல்லிச் சொல்லி இது சட்டம் என்றே ஆகிவிட்டது. சட்டப் புத்தகத்தைத் திறந்தால் அப்படியொரு வரி கிடையாது.

இளையவர்களுக்காக இந்த பிராண்டிங் என்னவென்று கொஞ்சம் சொல்ல வேண்டும். 2000களில் ஆரஞ்சு, ஓ2, வோடஃபோன், டி-மொபைல் போன்ற நெட்வொர்க்குகள் நோக்கியாவிடமும் சோனி எரிக்சனிடமும் போன்களை வாங்கி, உள்ளே இருக்கும் மென்பொருளில் தங்கள் கைவரிசையைக் காட்டிய பிறகே நமக்கு விற்றன. போனைப் போட்டதும் நெட்வொர்க்கின் படம் ஓடும். மெனுவின் நிறமும் படங்களும் அவர்களுடையவை. நம்மால் மாற்ற முடியாத ஒரு பொத்தான் 'வோடஃபோன் லைவ்', 'ஆரஞ்சு வேர்ல்டு' என்று அவர்களுடைய இணையக் கடைக்குக் கூட்டிப்போகும். தெரியாமல் விரல் பட்டாலும் கூட்டிப்போகும். டேட்டாவுக்குத் தனியாகக் காசு வாங்கிய காலம் அது.

இவற்றை அலங்காரம் என்று விட்டுவிடலாம். 2007இல் வந்த நோக்கியா என்95 கதையை அப்படி விட முடியாது. வைஃபை வழியாக இணைய அழைப்பில் பேசும் வசதியை நோக்கியா அந்தப் போனிலேயே வைத்து அனுப்பியது. பிரிட்டனில் ஆரஞ்சும் வோடஃபோனும் விற்ற என்95இல் அந்த வசதி முடக்கப்பட்டிருந்தது. பெயர் அதே பெயர், உடம்பும் அதே உடம்பு. நிமிடத்துக்கு இவ்வளவு என்று அழைப்பை விற்றுப் பிழைப்பவருக்கு, காசில்லாமல் பேசவைக்கும் போன் எப்படிப் பிடிக்கும்? பிழை திருத்திய புதிய மென்பொருளும் இந்தப் போன்களுக்குத் தாமதமாகத்தான் வரும். நோக்கியா வெளியிட்டாலும், நெட்வொர்க் தன் பொட்டையும் பூவையும் வைத்துச் சரிபார்த்து அனுப்பும்வரை வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டும்.

ஆகவே மக்கள் அதைக் கழற்றினார்கள். எப்படி என்பதைக் கவனமாகப் பாருங்கள், வாதத்தின் பாதி இதில்தான் இருக்கிறது. பாட்டரியை எடுத்தால் அடியில் ஒரு வெள்ளை லேபிள். அதில் ஒவ்வொரு போனுக்கும் தனியான ஐஎம்இஐ அடையாள எண்ணுக்குப் பக்கத்தில் ஏழு இலக்கத்தில் 'கோட்' என்று ஓர் எண் இருக்கும். இந்தப் போன் எந்த நாட்டுக்கு, எந்த நெட்வொர்க்குக்கு என்பதை நோக்கியாவின் கம்ப்யூட்டர் அந்த எண்ணை வைத்துத்தான் அறியும். போனை கேபிளில் மாட்டி, நெமிசிஸ் சர்வீஸ் சூட் என்ற இலவச நிரலால், போனுக்குள் பதிந்திருக்கும் அந்த எண்ணை பிராண்டிங் இல்லாத போனின் எண்ணாக மாற்றுவார்கள். பிறகு நோக்கியாவே கொடுத்த அப்டேட்டரை ஓட்டினால், அது நோக்கியாவின் சர்வரிலிருந்து நோக்கியாவின் சுத்தமான மென்பொருளை இறக்கிப் போனில் ஏற்றிவிடும்.

கடைசியில் போனுக்குள் போனது என்ன? தயாரித்தவரே அந்த மாடலுக்காக எழுதி, சோதித்து, கடையில் சிம் இல்லாமல் விற்கும் போன்களில் வைத்திருக்கும் அதே மென்பொருள். எவனோ ஒருவன் வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதியது இல்லை. சாம்சங் காலத்திலும் இதே கதைதான். அங்கே சிஎஸ்சி என்ற மூன்றெழுத்துக் குறி: விஓடி என்றால் வோடஃபோன், ஓ2யூ என்றால் ஓ2, பிடியூ என்றால் பிரிட்டனில் பிராண்டிங் இல்லாத போன். சாம்சங் 2013 முதல் தன் உயர்ரகப் போன்களில் நாக்ஸ் என்ற காவலை வைத்தது. சாம்சங்கின் முத்திரை இல்லாத மென்பொருளை ஏற்றினால் உள்ளே ஒரு ஃப்யூஸ் எரிந்து நிரந்தர அடையாளம் விழும். சாம்சங்கின் சொந்த மென்பொருளை ஏற்றினால் அந்த ஃப்யூஸ் எரிவதில்லை. தயாரிப்பாளரின் காவல்காரனே குற்றமாக நினைக்காத காரியத்துக்கு நெட்வொர்க்கின் கவுன்டரில் தண்டனை!

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பிராண்டிங்கை எடுப்பது வேறு, வேறு நெட்வொர்க்கின் சிம்மை ஏற்கவிடாத சிம் லாக்கை உடைப்பது வேறு, ஐஎம்இஐ எண்ணை மாற்றுவது வேறு. மூன்றாவது மட்டுமே குற்றம். திருட்டுப் போன்களைத் தடுக்க வந்த 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதற்குச் சிறைத் தண்டனை உண்டு. சிம் லாக் பற்றி இப்போது பேச்சே இல்லை. 2021 டிசம்பர் முதல் லாக் போட்ட போனை விற்கவே கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்காணையமான ஆஃப்காம் நெட்வொர்க்குகளுக்குத் தடை போட்டுவிட்டது. 'வாரண்டி போச்சு' கட்சிக்காரர்கள் இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ஐஎம்இஐ குற்றத்தின் பயத்தை பிராண்டிங்கின் மேல் ஏற்றிவிடுகிறார்கள்.

இனி சட்டம். நாம் வாரண்டி என்று ஒரே பெயரில் அழைப்பது உண்மையில் இரண்டு. ஒன்று பெட்டிக்குள் வரும் அட்டை. தயாரிப்பாளர் தானாக முன்வந்து கொடுக்கும் வாக்கு அது. கொடுத்தவர் அதற்கு நிபந்தனை போடலாம். மற்றது விற்றவரின் மீது சட்டம் சுமத்தும் கடமை. 1979ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்திலிருந்து வந்த இந்தக் கடமை, 2015 அக்டோபர் 1 முதல் நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. விற்ற பொருள் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும், சொன்னபடி இருக்க வேண்டும், எதற்காக வாங்கினோமோ அதற்கு உதவ வேண்டும். குறை இருந்தால் முதல் 30 நாளில் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதற்குப் பிறகு பழுது நீக்கித் தர வேண்டும், அல்லது வேறு தர வேண்டும். அதுவும் சரிப்படாவிட்டால் விலையில் குறைப்போ, பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணமோ கேட்கலாம். வழக்குப் போட இங்கிலாந்தில் 6 வருடம், ஸ்காட்லாந்தில் 5 வருடம் அவகாசம். போன் ஆறு வருடம் உழைக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் "பன்னிரண்டு மாசம் முடிஞ்சிடுச்சு சார்" என்பது முழுப் பதிலும் இல்லை.

இந்தக் கடமையிலிருந்து விற்றவர் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி நழுவ முடியாது, அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு தடுக்கிறது. அட்டையிலும் 'உங்கள் சட்ட உரிமைகள் இதனால் பாதிக்கப்படாது' என்று இருந்தே ஆக வேண்டும் என்கிறது 30ஆம் பிரிவு. பெரும்பாலும் அட்டையின் கடைசியில் எறும்பளவு எழுத்தில் இருக்கும். நம்மை பயமுறுத்தும் அந்த அட்டையே நமக்காகச் சாட்சி சொல்லும் இடம் அது. யாரும் அதுவரை படிப்பதில்லை.

நெட்வொர்க்கோடு ஒப்பந்தம் போட்டுப் போன் வாங்கியவருக்கு விற்றவர் யார்? அந்த நெட்வொர்க்தான். தன் பெயரை ஒட்டியவரும் அவரே, பெயரைக் கிழித்தால் பொறுப்பில்லை என்பவரும் அவரே. கடையின் பெயர் அச்சடித்த பையில் குக்கர் வாங்கிவந்து, பையைக் குப்பையில் போட்டோம். மறுவாரம் குக்கர் விசில் அடிக்கவில்லை. "பை எங்கே?" என்று கடைக்காரர் கேட்டால் சிரிப்போமா, தலையைக் குனிந்துகொண்டு வெளியே வருவோமா? போன் கடையில் மட்டும் ஏன் குனிகிறோம்?

சட்டம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: குறை எங்கிருந்து வந்தது? சார்ஜ் போடும் துளை ஆடுகிறது. திரையில் ஒரு கோடு விழுந்துவிட்டது. மேலும் கீழும் தள்ளித் திறக்கும் போனில் உள்ளே ஓடும் ரிப்பன் கேபிள் அறுந்துவிட்டது. போனைப் போட்டதும் நெட்வொர்க்கின் வரவேற்புப் படம் ஓடாததால் ரிப்பன் கேபிள் அறுமா? முதல் 30 நாளைத் தாண்டி, பழுதுநீக்கமோ மாற்றோ கேட்கும் கட்டத்தில், முதல் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் சுமை விற்றவருடையது. "நீங்க சாஃப்ட்வேரை மாத்திட்டீங்க" என்பது அந்தச் சுமையை இறக்கிவைக்காது. மாற்றியதால்தான் இந்தக் குறை வந்தது என்று அவர் காட்ட வேண்டும்.

மறுபக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மென்பொருள் ஏறிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கி, போன் செங்கல்லாகிவிட்டால் அது நம் தலையில்தான். வெளியார் எழுதிய மென்பொருளைப் போட்டு, சிப்பை அதன் வேகத்துக்கு மேல் ஓட்டிச் சூடாக்கிக் கெடுத்தாலும் அப்படியே. ஆறு மாதத்துக்குப் பிறகு, குறை முன்பே இருந்தது என்று நாம்தான் காட்ட வேண்டியிருக்கும், அதற்கு வெளி நிபுணர் ஒருவரின் அறிக்கை தேவைப்படலாம். தயாரிப்பாளரின் அட்டை தன் நிபந்தனைப்படி மறுக்கவும் செய்யலாம். ஆனால் இவற்றில் எதுவும் 'பிராண்டிங்கை எடுத்தால் எல்லாம் போச்சு' என்ற தீர்ப்பாக ஆவதில்லை. ஒவ்வொன்றும் குறிப்பிட்ட குறைக்கும் குறிப்பிட்ட காரணத்துக்கும் நடுவே உள்ள கணக்கு.

இது பிரிட்டனின் தனி விசித்திரமும் அல்ல. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு மேக்னசன்-மாஸ் சட்டம் இருந்தும், 'இந்த ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி ரத்து' என்று நிறுவனங்கள் ஒட்டிக்கொண்டே இருந்தன. 2018 ஏப்ரலில் அந்நாட்டு வணிக ஆணையமான எஃப்டிசி, சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ உட்பட ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. சட்டம் வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகும் அந்த ஸ்டிக்கர் பயமுறுத்தியது என்றால், அதன் பலம் அச்சிட்டவரிடம் இல்லை, படித்து நம்பியவரிடம் இருந்தது.

நிறுவனங்கள் பொய் சொல்லத் தேவையே இல்லாதபடி அவர்களுக்காக நாமே சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் எனக்குக் கோபம். போன் கெட்டால், கடைக்குப் போகுமுன்னே "நீதான் அதை மாத்திட்டியே, இனி கிடைக்காது" என்று அக்கா சொல்கிறாள், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் சொல்கிறார். போன் கெட்டவர் கடைக்கே போவதில்லை. மறுக்கும் சிரமம்கூட நெட்வொர்க்குக்கு மிச்சம். இப்படி வீட்டிலேயே தள்ளுபடியாகும் புகார்கள் எந்தக் கணக்கிலும் வராது.

தைரியமாகப் போகிறவரிடம் கவுன்டர்காரர் உரிமையே இல்லை என்று சொன்னால், அவர் செய்வது சட்டமீறல். நுகர்வோரின் உரிமையைப் பற்றித் தவறாகச் சொல்லி அவரை வழிதவறச் செய்வதை 2008ஆம் ஆண்டு விதிகளே தடை செய்திருந்தன. அவற்றுக்குப் பதிலாக வந்த 2024ஆம் ஆண்டுச் சட்டம், 2025 ஏப்ரல் 6 முதல், போட்டி மற்றும் சந்தைகள் ஆணையத்துக்குப் பெரிய சாட்டையைக் கொடுத்திருக்கிறது: நீதிமன்றத்துக்குப் போகாமலே நிறுவனத்தின் உலக வருவாயில் 10 சதவீதம் வரை அபராதம் போடலாம்.

ஆகவே அடுத்த முறை கவுன்டரில் "வாரண்டி போச்சு" என்று கேட்டால் வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். என் போனின் இந்தக் குறைக்கும் நான் மாற்றிய மென்பொருளுக்கும் என்ன தொடர்பு என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாங்கிய ரசீதையும் ஒப்பந்தத்தையும் பத்திரமாக வையுங்கள். எழுத்தில் தர மறுத்தால், மறுத்த தேதியையும் கிளையையும் குறித்துக்கொண்டு, நீங்களே நெட்வொர்க்கின் தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள். அதற்கும் அசையாவிட்டால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரையிலான இப்படிப்பட்ட வழக்கைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமல் நீங்களே தொடுக்கலாம்.